நான் கொடுத்த ஜெபக்குறிப்பு

இந்தச் சாட்சியின் முதல் பாதியை உங்களில் பலர் என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் கேட்டிருப்பீர்கள். முக்கூடலில் கேட்டிருப்பீர்கள். சாத்தான்குளம் பக்கம் ஒரு கன்வென்ஷன் பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுது அழுது சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். பம்பாய்த் தாக்குதலில் சிக்கியிருக்க வேண்டிய என் கணவரை ஆண்டவர் எப்படித் தப்புவித்தார் என்ற சாட்சி அது. அது பொய்யில்லை, ஆனால் பாதி. மீதிப் பாதியைப் பதினாறு வருஷம் வெளியே யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல எண்ணம் இருக்காது. இருக்க வேண்டியதில்லை.

என் பெயர் ஞானசுந்தரி. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லாருக்கும் டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான மூன்றாம் நாளே என் வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு நான், எனக்கு அவர்.

2008 நவம்பர் மாதம். என் கணவர் தங்கராஜ் பம்பாய்க்குப் போயிருந்தார். தாராவியில் இருக்கும் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இருபத்தாறாம் தேதி புதன்கிழமை மத்தியானம் போனில் பேசினார். "கல்யாணத்துக்கு வந்த நம்மூர் ஆளுகளச் சாயங்காலம் வி.டி. ஸ்டேஷன்ல ரயிலேத்தி விட்டுட்டு வாறேன். பொறவு பேசுதேன்" என்றார். பிறகு பேசவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் புறப்படச் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். டிவியில் அந்த ஸ்டேஷனைக் காட்டினார்கள். தரையெல்லாம் ரத்தம். பெட்டிகள் சிதறிக் கிடந்தன. யாரோ கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரியாமல் அப்படியே கிடந்தது. அவர் நம்பரை அடித்தேன். அணைந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையில் இருந்த நம்பரை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவள் எதிர் வீட்டு ரஹ்மத்.

ரஹ்மத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். புருஷன் இறந்தபின் ஒரே மகன் காசிமைத் தையல் தைத்து வளர்த்தவள். எங்கள் எதிர் வீட்டில் ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருந்தாள். காசிம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். அந்த நவம்பரில் அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஏ.சி. மெக்கானிக் வேலை படித்திருந்தான். வளைகுடாவுக்குப் போக விசா வந்திருந்தது.

அன்றைக்கு ரஹ்மத் கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் வந்தாள். வந்தவள் போகவில்லை. வியாழன் முழுக்க என் பக்கத்திலேயே இருந்தாள், வெள்ளியும் இருந்தாள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவள் மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "நோம்பு டீச்சர்" என்றாள். ரமலான் மாதம் முடிந்துவிட்டதே, இப்போது என்ன நோன்பு என்று கேட்டேன். "அண்ணனுக்காவத்தான். நல்லபடியா வந்துரணும்னு வச்சிருக்கேன்" என்றாள். என் கணவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் சபை மக்களும் வந்தார்கள். பாடினார்கள், ஜெபித்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பசியோடு ஜெபித்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ரொம்பவே உடைந்துபோய்விட்டேன். இனி அவர் இல்லை என்றே நினைத்துவிட்டேன். அப்போது என்னைத் தேற்றுவதற்காக ரஹ்மத் ஒன்று சொன்னாள். "எம்புள்ள மெடிக்கல் டெஸ்டுக்குப் பம்பாய் போயிட்டுச் செவ்வாக்கெழமதான டீச்சர் வந்து எறங்குனான். ரெண்டு மூணு நாள் பிந்தியிருந்தா அவனும் அங்கனதான் நின்னுருப்பான். அவனக் காப்பாத்துன அல்லாஹ் அண்ணனையும் காப்பாத்துவான். அழாதீங்க."

அவள் எனக்குக் கொடுத்த ஆறுதல் இதுதான். இதை நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தச் சாட்சி.

அன்று மத்தியானமே போன் வந்துவிட்டது. என் கணவர் உயிரோடு இருந்தார். கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீமைக் கண்மண் தெரியாமல் தின்றிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் வயிறு பிய்த்துக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை. ஊர் ஆட்களை வேறொருவர் ஏற்றிவிட, அவர்கள் ரயில் தாக்குதலுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. இவர் தாராவியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்திருக்கிறார். போன் குளியலறை வாளிக்குள் விழுந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதால் வீட்டுப் போனை எடுக்க ஆளில்லை. ஊரே அடைத்துக் கிடந்ததில் எனக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஆண்டவர் வயிற்றுப்போக்கைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்று நான் சொல்லும்போது எல்லாச் சபைகளிலும் சிரிப்பார்கள். பிறகு அழுவார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே என் தொண்டை கம்ம வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஒரே ஒரு முறை, அந்தச் சாத்தான்குளம் பந்தலில், கூட்டம் முடிந்து போகிறபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "அப்போ அங்கன செத்தவுகளுக்கு யாரும் ஜெபிக்காமலா இருந்திருப்பாக?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விசுவாசம் இல்லாத கேள்வி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கேட்டது சரியான கேள்விதான். இன்றும் எனக்குப் பதில் தெரியாது.

இனி மீதிப் பாதி.

போன் வந்த மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் எங்கள் தெரு ஜெபக்குழு கூடியது. எங்கள் சபையில் இப்படிப் பதினான்கு வீட்டு ஜெபக்குழுக்கள் உண்டு. கூட்டம் முடிவதற்கு முன் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்லுவோம். எங்கள் குழுவில் லில்லி அக்கா அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். பதினான்கு குழுக்களின் குறிப்புகளும் ஒரே தாளில் டைப் செய்யப்பட்டு, ஜெராக்ஸ் எடுத்து அடுத்த வாரம் சபை முழுவதற்கும் போகும்.

நம்மைப் பற்றி நமக்குள் ஒரு உண்மையைச் சொல்லுகிறேன், கோபப்படாதீர்கள். நம்மில் யாரும் புறணி பேச மாட்டோம். ஜெபக்குறிப்பு கொடுப்போம். இன்னார் மகன் குடிக்கிறான், பாரத்தோடு ஜெபியுங்கள். இன்னார் மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், சமாதானத்துக்காக ஜெபியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டால் எதுவும் குற்றமில்லை என்று எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது.

அன்று கூட்டத்தில் நான்தான் நடுநாயகம். எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அது ஒரு கால்மணி நேரம் நடந்தது. பிறகு பேச்சு மாறிவிட்டது. யார் செய்தது, எந்த வழியாக வந்தார்கள், நம்ம ஊரிலும் இப்படி ஆட்கள் இருப்பார்களா என்று ஆளுக்கொரு கதை பேச ஆரம்பித்தார்கள். என்னை மறந்துவிட்டார்கள். ஜெபக்குறிப்பு என் முறை வந்தது. என் வாயில் ஒரு சங்கதி இருந்தது.

"எங்க எதிர் வீட்டுப் பையன் தாக்குதலுக்கு மொதநாள்தான் பம்பாயிலருந்து வந்திருக்கான். ராத்திரியெல்லாம் ஆளுக வாறதும் போறதுமா இருக்காக. நம்ம தெருவோட பாதுகாப்புக்காவ பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க" என்றேன்.

முதல் வரி உண்மை. ரஹ்மத் என்னைத் தேற்றச் சொன்னது. இரண்டாவது வரி நான் சேர்த்தது. விசா வந்ததைக் கேள்விப்பட்டு அவனோடு படித்த பையன்கள் மூன்று பேர் ஒரு சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. சொல்லுகிறபோது கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று மூன்று பேரை 'ஆளுக' ஆக்கினேன். சாயங்காலத்தை ராத்திரி ஆக்கினேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். பிடித்திருந்தது. பயத்தில் சொல்லிவிட்டேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயமும் கொஞ்சம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் என் மேஜைக்குக் கீழே ஒளிந்து அழுத பையனைக் கண்டா எனக்குப் பயம்? என் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது, பேசினேன்.

அடுத்த வாரம் தாள் வந்தது. ஐந்தாம் குழு, மூன்றாவது குறிப்பு. பெயர் போடவில்லை, தெருவைப் போட்டிருந்தது. எங்கள் தெருவில் பம்பாய் போய் வந்த பையன் அவன் ஒருவன்தான். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போனதோ எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து ஒரு காலையில் எதிர் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

மூன்று நாள் காசிமை வைத்து விசாரித்தார்கள். நாலாம் நாள் வந்தவன் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனான். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. அது திரும்பி வருவதற்குள் விசா காலாவதியாகிவிட்டது. அவனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவன்மேல் ஒரு வழக்கும் இல்லை, ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் போலீஸ் பதிவில் பெயர் ஏறிவிட்டது.

அந்த மூன்று நாளில் இரண்டாம் நாள் ரஹ்மத் என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "டீச்சர், ஒங்க ஜெபக்கூட்டத்துல எம்புள்ளைக்காவயும் சொல்லுங்க. நீங்க கேட்டா ஒங்க ஆண்டவரு குடுப்பாரு. அண்ணன் விஷயத்துல பாத்தோம்லா" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி என்றேன். சனிக்கிழமை போய் அந்தக் குறிப்பையும் கொடுத்தேன். "எதிர் வீட்டு ரஹ்மத் மகனுக்காக." லில்லி அக்கா தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாள்.

நாலு மாதத்தில் ரஹ்மத் வீட்டைக் காலி செய்தாள். தெருவில் யாரும் முன்போலப் பேசவில்லை. சீவலப்பேரியில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். காசிம் அங்கே வயல்களில் மோட்டார் பம்பு பழுது பார்த்துப் பிழைத்தான். தாமதமாகக் கல்யாணம் நடந்து இரண்டு பெண் பிள்ளைகள். நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுவார்கள். போய் உட்கார்ந்துவிட்டு வருவான். இதெல்லாம் ரஹ்மத் எப்போதாவது மார்க்கெட்டில் பார்க்கும்போது என்னிடம் சொல்லுவாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

வருஷா வருஷம் நவம்பர் இருபத்தாறு வரும். டிவியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். செத்தவர்களின் படத்தைக் காட்டுவார்கள், அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து பேசுவார்கள். நம் சபையிலும் நினைவுகூர்ந்து ஜெபிப்போம். என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். நானும் போய்ப் பாதியைச் சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

என் கணவரிடம் மட்டும் ஆறாம் வருஷம் சொன்னேன். "இப்பப் போயி அதக் கிளறாத. ஸ்டேஷன்ல நம்ம பேரும் வரும்" என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. அவர்மேல் பழி போட்டுக்கொண்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டினேன்.

ஜெபிக்காமல் இல்லை. தினமும் ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? 'ஆண்டவரே, நான் வாயைத் திறக்காமலே அவன் பெயரைச் சுத்தமாக்கும்.' பதினாறு வருஷம் இதே ஜெபம். உபவாசம் இருந்தெல்லாம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆண்டவர் காது கேளாதவர் அல்ல. இந்த ஜெபத்துக்கு அவர் பதில் சொல்ல மாட்டார் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

போன வருஷம் ஒரு காலையில் ரஹ்மத் வாசலில் நின்றாள். டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். உம்ரா போக வேண்டும் என்பது அவளுக்கு இருந்த ஒரே ஆசை, மக்காவை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். துணைக்கு மகன்தான் போக வேண்டும். மகனுக்குப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால், போலீஸ் விசாரணையில் பழைய விவரம் வந்து நின்றுவிட்டது. இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை ஒரு நல்ல ஆபீசர், உன்மேல் இருக்கிற காகிதம் இது ஒன்றுதான் என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். ரஹ்மத் தன் போனில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தாள். என் கையில் கொடுத்தாள்.

ஐந்தாம் குழு, மூன்றாவது குறிப்பு.

"இது நீங்க போற கோயில் தாளாம்லா டீச்சர். இதச் சொன்ன ஆளு யாருன்னு மட்டும் வெசாரிச்சுச் சொல்லுங்க. சண்டைக்கு இல்ல. அந்த ஆளு ஸ்டேஷன்ல வந்து, 'நான் தெரியாமச் சொல்லிட்டேன்'னு எழுதிக் குடுத்தா எம்புள்ள பேர எடுத்துரலாம்னு அந்த ஆபீசர் சொல்லுதாரு. ஒங்கள விட்டா எனக்கு அங்கன யாரத் தெரியும்?"

சகோதரிகளே, அப்போதாவது சொன்னேனா? இல்லை. "வெசாரிச்சுப் பாக்கேன் ரஹ்மத்" என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, எனக்காகத் துஆ செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தூ, நீயும் ஒரு விசுவாசியா என்று என்னை நானே கேட்டேன்.

அன்றைக்குத்தான் ஜெபத்தை மாற்றினேன். 'ஆண்டவரே, நான் கோழை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீரே என் வாயைத் திறவும். நான் தப்பித்து ஓடாதபடி வழியை அடைத்துவிடும்.' மூன்று நாள் இதையே ஜெபித்தேன். நாலாம் நாள் காலையில் சீவலப்பேரி பஸ் ஏறினேன். ரஹ்மத்திடம் என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இடையில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாம் தடவை எழுந்து கம்பியைப் பிடித்தபோது பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. கையில் டூல்ஸ் பையோடு காசிம் ஏறினான்.

"டீச்சரம்மா! எங்கன இந்தப் பக்கம்? ஏன் நிக்கிய, உக்காருங்க" என்று என்னை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான். முன்தலை நரைத்திருந்தது. "உம்மா ஒரு தாளக் காட்டுனாகளாம்லா. வெசாரிச்சியளா?" என்று கேட்டான்.

படித்து வைத்ததெல்லாம் பறந்துவிட்டது. "நாந்தான்ய்யா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "என்ன நீங்கதான்?"

"அதச் சொன்னது நாந்தான் காசிம். ஆளுக வந்து போறாகன்னு சொன்னதும் நாந்தான். அது பொய்."

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காசிம் என் முகத்தையே பார்த்தான். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த நிறுத்தத்தில் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

நான் சீவலப்பேரி வரை போனேன். ரஹ்மத்திடமும் சொன்னேன். வாசலில் நின்றே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நா அண்ணனுக்காவ நோம்பு வச்சேன் டீச்சர்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காசிம் போன் செய்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துருங்க." அவ்வளவுதான் பேச்சு. என் கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு கூட வந்தார். அந்த ஆபீசர் முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "ஏம்மா, இத்தனை வருஷம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன் சார்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதிலைச் சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி வேளையில் எழுந்து நின்றேன். முன்கூட்டியே சபைப் போதகர் ஐயரிடம் சொல்லியிருந்தேன். "இத எங்கிட்டச் சொன்னாப் போதாதா டீச்சர்? சபை முன்னாடி வேணுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், என்மேல் உள்ள இரக்கத்தில் கேட்டார். "ஐயா, பொய்யச் சபைக்குத்தான் குடுத்தேன்" என்றேன். பிறகு அவர் தடுக்கவில்லை. பாதியையும் மீதியையும் சேர்த்துச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வெளியே வந்தபோது சிலர் என்னைப் பார்க்காததுபோல் செருப்பைத் தேடினார்கள். லில்லி அக்கா மட்டும் நேரே வந்தாள். "ஏட்டி, சொன்னது நீ, எழுதுனது நானு. எனக்கும் தெரியும்லா அது எந்த வீடுன்னு. தெரிஞ்சுதான எழுதுனேன்" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்தத் தாள் போடுகிற வழக்கம் எங்கள் சபையில் இப்போது இல்லை.

அதற்குப் பிறகும் ஐந்து மாதம் ஆயிற்று. இன்னும் இரண்டு முறை போய் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் காசிமுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. செய்தியை எனக்குச் சொன்னது அந்த ஆபீசர்தான். கேட்டதும் முழங்காலில் நின்றேன். பதினாறு வருஷம் கொடுக்காத பதிலை, ஜெபத்தை மாற்றிய நாலாம் நாளே கொடுக்க ஆரம்பித்தவர் அவர். தாமதித்தவர் அவர் அல்ல, நான்தான்.

இத்தோடு முடித்திருந்தால் இதுவும் ஒரு அழகான சாட்சி ஆகியிருக்கும். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது.

ஒரு காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. ரஹ்மத் இறங்கினாள். காசிம் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் அவர்கள் மக்காவுக்குப் புறப்படுகிறார்கள். அந்தப் பயணம் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் பழகியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டுப் போவது அவர்களுடைய வழக்கம். எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். ஆனால் என் வாசலுக்கு வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

"டீச்சர், ஒம்பது வருஷம் எதிர் எதிரே இருந்திருக்கோம். நா ஏதும் தப்பாப் பேசியிருந்தாப் பொறுத்துக்கோங்க. அன்னைக்கு வீடு தேடி வந்த ஒங்கள உக்காருங்கன்னுகூடச் சொல்லாமக் கதவச் சாத்திட்டேன். அதுக்கும் பொறுத்துக்கோங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவள் நான். எனக்கு அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. கடைசியில், "ரஹ்மத், நான் ஒங்கிட்டக் கேக்க வேண்டியது?" என்றேன்.

"எம் பங்க நா அல்லாஹ்கிட்ட விட்டுட்டேன். மத்தது எம்புள்ள பங்கு. அத அவந்தான் சொல்லணும்" என்றாள். ஆட்டோவைப் பார்த்தேன். காசிம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இறங்கவில்லை. ரஹ்மத் என் கையை ஒரு முறை தொட்டுவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.

அன்பானவர்களே, காசிம் இதுவரை என்னிடம் பேசவில்லை. அவன் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் ஆண்டவரிடம் கேட்பதும் இல்லை. அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. பிறரைப் பற்றிக் குறிப்புக் கொடுப்பதை விட்டுவிட்டேன், என் பாவத்தை மட்டும் சொல்லி ஜெபிக்கிறேன். அதுவே ஒரு ஆயுசுக்குப் போதும்போலிருக்கிறது. என் கணவரின் உயிரைக் காத்ததற்கும், இந்த வயதிலாவது என் வாயைத் திறந்ததற்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிறேன்.

பாரத்தோடு ஜெபிக்கிறோம் என்று சொல்லி ஒரு மனுஷனின் பெயரைக் கெடுத்த ஞாபகம் உங்களில் யாருக்காவது இருக்கலாம். இருந்தால், எப்படிச் சொல்வது என்று பயப்படாதீர்கள். ஆண்டவரை நம்பி பஸ் ஏறுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் சீக்கிரம் போங்கள். நாம் கெடுத்தவர்களே நம் வாசலில் வந்து நின்று நம்மிடம் மன்னிப்புக் கேட்கும் நாள் வரை காத்திருக்காதீர்கள். அதைத் தாங்க முடியாது.